கண்ட்ரோலில் இருந்த அத்தான்

என் அக்கா புருஷனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகராதி என்றுதான் சொல்வார்கள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாயங்காலமானால் வேலை முடிந்துவிடும், திருத்துவது முடியாது. யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். மருந்துக் கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்று, வாங்கப் போன மாத்திரையை வாங்காமலே திரும்பி வந்த மகாராஜா அவர். அகராதி என்பது தன் அறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 'அகராதி பிடித்தவன்' என்று ஊர் எதற்குச் சொல்லும் என்பதை அவருக்கு யார் போய் விளக்குவது?

மாத்திரை பிரஷருக்கு. அவருடைய அப்பா, அண்ணன் இரண்டு பேருமே ஐம்பது வயதைப் பார்க்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அத்தானுக்கு நாற்பத்தொன்பது. அக்கா தினமும் ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக அவர் பின்னாலேயே சுற்றுவாள். அவர் விழுங்கித் தொலைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சி என்று கிளம்பி வந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். பிரஷர் உள்ளவர்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் ஆள் வந்து அளந்து பார்த்து, உப்பைக் குறை, நட, மாத்திரை போட்டாயா என்று குடைந்து எடுப்பார்கள். எதிர்வீட்டு டெய்லர் அந்தப் பாதியில் விழுந்தார். அத்தான் மற்ற பாதியில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போவதோடு சரி.

இதைச் சொல்ல ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, காலில் வெந்நீர்.

"சார், நீங்க கண்ட்ரோல்ல வர்றீங்க. வழக்கமா பாக்குற டாக்டரையே பாத்துக்குங்க" என்று வாசலிலேயே ஒப்பித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அவள் சொன்னதில் அத்தான் காதில் ஏறியது ஒரே ஒரு வார்த்தை. சுகர் கண்ட்ரோல்ல இருக்கு, பிரஷர் கண்ட்ரோல்ல இருக்கு என்று நாம் பேசுவதில்லையா? அந்தக் கண்ட்ரோல் என்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தியாடி? ஆராய்ச்சி பண்றவங்களே சொல்லிட்டாங்க, நான் கண்ட்ரோல்ல இருக்கேனாம். டெய்லர் இல்ல. அதான் அவன் வீட்டுக்கு வாராவாரம் ஓடி வர்றாங்க."

"இருக்கட்டுங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் அக்கா.

"கண்ட்ரோல்ல இருக்கறவனுக்கு எதுக்குடி மாத்திரை? அர்த்தம் தெரிஞ்சு பேசு."

மாடி வீட்டில் இருக்கிற நான் சும்மா இருப்பேனா? இறங்கி வந்து, "எதுக்கும் டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்குங்களேன் அத்தான்" என்றேன்.

"வந்துட்டா! வார்த்தைக்கு அர்த்தம் நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் என்ன பேசுவது? அன்றோடு மாத்திரை நின்றது. தட்டில் வறுத்ததும் பொரித்ததும் ஏறின. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வியர்க்க விறுவிறுக்க நடந்து திரும்புகிற டெய்லரைப் பார்த்து, "என்னய்யா, இன்னும் நீ கண்ட்ரோலுக்கு வரலியா?" என்பார். அந்த மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அக்கா ஒருநாள் மாத்திரையைப் பொடி செய்து காபியில் கலந்துவிட்டாள். கசக்கிறது என்று கண்டுபிடித்து டம்ளரை விட்டெறிந்தார். அவள் என்னிடம் வந்து, "என்னைத் தாலியறுக்க வைக்காம விட மாட்டாருடி" என்று அழுதாள்.

மூன்றாம் மாதம் அச்சகத்தில், திருத்திக்கொண்டிருந்த தாளின் மேலேயே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

வார்டுக்கு ஆராய்ச்சி டாக்டர் வந்தார். "மாத்திரைய ஏம்மா நிறுத்தினாரு?"

"நீங்கதானே சார் கண்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லி அனுப்புனீங்க?" என்றாள் அக்கா.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ, அது வேறம்மா. நாங்க புதுசா எதுவும் செய்யாம, ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வெச்சிருக்கிற ஆளுங்களுக்கு கண்ட்ரோல்னு பேரு."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டி உதைக்கலாம் போலிருந்தது. இதை அன்றைக்கே வீட்டு வாசலில் சொல்ல இவர்களுக்கு நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? புரியலம்மா என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்குத்தான் வாயில் என்ன கொழுக்கட்டையா?

வீட்டுக்கு வந்தபின் ஆறு மாதக் கணக்குக்கு அதே பெண் வந்தாள். அளந்தாள், கேட்டாள், குறித்துக்கொண்டாள். ஒத்துழைப்புக்கு நன்றி என்றாள்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள். "டெய்லர் வீட்டுல சொல்லித் தர்றத எனக்கும் சொல்லித் தாம்மா. உப்பு எவ்வளவு, நடை எவ்வளவு, எல்லாத்தையும். இன்னொரு தடவ வந்தா இவர் தாங்க மாட்டாரு."

"ஆராய்ச்சி முடியற வரைக்கும் உங்களுக்கு அதச் சொல்லக் கூடாதுக்கா. எங்க கணக்கு கெட்டுப் போயிடும்."

என் அக்கா யாரையும் ஒரு சுடுசொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள். "என் புருஷன் கெட்டுப் போலாம், உன் கணக்கு கெடக் கூடாதா? எந்திரிச்சுப் போடி வெளிய!"

அவள் போனதும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள். அத்தான் இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இந்த நிலைமையிலும் வீம்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோணிய வாயோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார்.

"டெய்...லர... இங்க... வரச் சொல்லு. எனக்கு... ஒண்ணும்... தெரியல. நானே... கேக்குறேன்."