நெய் டின்னில் ஆட்டுக்கொழுப்பு

மாரியம்மன் முன்னால் என் அம்மா ஏற்றிய மாவிளக்கில் ஆட்டுக்கொழுப்பை எரிய வைத்தவன் நான். தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விருப்பமில்லை.

அட்டனிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தோம். அப்பா தவறிய பிறகு அம்மாவின் தம்பிதான் எங்கள் வீட்டு ஆண். தேயிலை நாற்று வளர்க்கும் தவறணைக்கு மாமா காவல்காரர். தோட்டத்துத் துரை கொடுத்த துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மாமாவின் நடையே வேறாகிவிடும்.

அந்த வருடம் காட்டுப்பன்றிகள் தவறணைக்குள் புகுந்து நாற்றுகளைக் கிளறிப் போட்டன. இன்னொரு தடவை பன்றி உள்ளே வந்தால் துவக்கு வேறு ஆளுக்குப் போகும் என்று துரை சொல்லிவிட்டார். காவல் வேலை போனால் மாமா கொழும்புக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

குண்டுகளை மாமாவே வார்த்தார். தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் ஒட்டும் ஈயத்தாளைச் சேர்த்துவைத்து, லயத்துக்குப் பின்னால் உருக்கி அச்சில் ஊற்றுவார். ஆனால் குண்டை அப்படியே போட்டால் இரண்டாம் வெடிக்குள் குழாய் கரி பிடித்து, அடுத்த குண்டு பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சித் தடவ வேண்டும். வெளிக்காற்றில் அது உடனே உறைந்துவிடும் என்பதால் அந்த வேலைக்கு அடுப்படிதான் சரி.

வம்பு என்னவென்றால், அப்போது திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்தில் எந்த வீட்டு அடுப்படிக்குள்ளும் கறி வாடை வரக் கூடாது. மீறிய குடும்பத்தைக் கோயில் பக்கமே விடமாட்டார்கள். அம்மாவோ என் தங்கைக்காக மாவிளக்கு நேர்ந்திருந்தார். நான்கு வயதுத் தங்கை கக்குவான் இருமலில் நீலம் பாரித்துக்கொண்டிருந்தாள்.

"தேங்கா எண்ணெயத் தடவிக்கடா தம்பி" என்றார் அம்மா.

"தடவுனேனே அக்கா! குண்டு வழுக்கிக்கிட்டு முன்னால வந்து விழுது. பன்னி அத மோந்து பாத்துட்டுப் போகுது."

அம்மா சிரிக்கவில்லை. "காப்பு அவுத்தப்பறம் என்ன வேணா காய்ச்சு."

மறுநாள் அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு கோயிலில் மாவு இடிக்கப் போனதும், மாமா சட்டைக்குள்ளிருந்து இலைப்பொட்டலம் ஒன்றை எடுத்தார். டவுன் கறிக்கடைக் கொழுப்பு.

"மாமா, காப்பு…"

"காப்பு நமக்குத்தான் கட்டியிருக்கு மருமகனே. பன்னிக்குக் கட்டலியே!"

எனக்கு அது மிகச் சரியான நியாயமாகப் பட்டது. கதவைச் சாத்திவிட்டு, பழைய சட்டியில் கொழுப்பையும் மெழுகையும் உருக்கினோம். குண்டுகளை ஒவ்வொன்றாகத் தோய்த்தெடுத்து, விரலால் உருட்டி, தட்டில் அடுக்குவது என் வேலை. இளஞ்சூட்டில் மெழுகு விரலில் படிவது சுகமாக இருந்தது. மாமா குண்டுகளை அள்ளிக்கொண்டு, "மிச்சத்தத் தூரக் கொண்டுபோய்க் கொட்டிரு" என்று சொல்லிவிட்டுத் தவறணைக்குப் போனார்.

நான் சட்டியைத் தூக்கியபோது வாசலில் தங்கையின் இருமல் கேட்டது. கைக்கெட்டிய தூரத்தில் மாவிளக்குக்கென்று அம்மா வாங்கிவைத்த நெய் டின் இருந்தது. அதற்குள் ஊற்றி மூடிவிட்டேன். சட்டியைச் சாம்பலுக்குள் கவிழ்த்தேன். எங்கள் ஊர்க் குளிரில் நெய்யும் கட்டியாகத்தான் கிடக்கும். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடி விழும் என்று பயந்தேன். மாமா போய்விடுவார் என்றும் பயந்தேன். இதில் எந்தப் பயம் பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருவிழாவன்று பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழித்து, அந்த டின்னிலிருந்து அள்ளி வைத்துத் திரி போட்டார் அம்மா. பனிக்காற்றில் மற்றப் பெண்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அம்மாவின் விளக்கு மட்டும் நிமிர்ந்து எரிந்தது. மெழுகின் தயவு. "ஆத்தா ஒன் வெளக்குலதான் வந்து குந்தியிருக்கா தாயி!" என்றார் பூசாரி. பெண்கள் அம்மாவின் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அப்போது கங்காணி மூக்கை உறிஞ்சினார். "எவன்டா காப்புக்குள்ள கறி வாட்டுறது?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மா உடனே திரும்பி, "தீப்பந்தத்துல என்னத்த ஊத்துனாய்ங்களோ, போங்க" என்றார். கங்காணி பந்தம் பிடித்த பையன்களைத் திட்டப் போய்விட்டார்.

விளக்கு குளிர்ந்ததும் மாவைப் பிட்டுப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் கீழே விழுந்து மண்ணாகிவிட்டது என்றார். விழவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மா இவ்வளவு கஞ்சத்தனம் செய்வாரா என்று வெட்கப்பட்டேன். வெட்கப்படுகிற யோக்கியதை எனக்கு!

அதன்பின் தங்கையின் ஒவ்வொரு இருமலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அவள் செத்துப்போனால் கொன்றவன் நான்தான். காப்பு அவிழ்த்த மறுநாள் மாமா பெரிய பன்றி ஒன்றை விழுத்தினார். துவக்கு அவரிடமே தங்கியது. லயம் முழுக்கக் கறி மணத்தது. நான் மட்டும் தட்டைத் தள்ளிவைத்தேன். பிறகு ஒரு காலை, தங்கை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஓடி முடித்து நின்றாள். இருமவில்லை. நான் மலையூற்று கொட்டும் பீலிக்கரைக்குப் போய்த் தண்ணீர்ச் சத்தத்தில் உரக்க அழுதேன்.

அடுத்த வருடம் அம்மா இரண்டு மாவிளக்கு வைத்தார்.

"ஒண்ணு தங்கச்சிக்கு. மத்தது யாருக்கும்மா?"

"கேக்காதடா."

அதற்குப் பின் எல்லா வருடமும் இரண்டுதான்.

படித்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, முதல் சம்பளத்தில் பெரிய டின் நெய் வாங்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தேன். கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

"அட கூறு கெட்டவனே, இத்தன வருசமா இதையா சொமந்துகிட்டுத் திரிஞ்ச? திரியக் கொளுத்துனப்பவே தெரியுமேடா. வாடை வேற, ஒன் நகக்கண்ணு பூரா மெழுகு வேற. வெளக்க அணைச்சா ஏன்னு கேப்பாங்க. சொன்னா ஒம் மாமன ஊரே தூத்தும். ஆத்தாகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுட்டு, மாவக் கொண்டுபோய் ஆத்துல விட்டேன்."

"அப்ப அந்த ரெண்டாவது வெளக்கு?"

"ஒனக்குத்தான். புள்ள தெரியாமச் செஞ்சுட்டான், தண்டிச்சிராதன்னு."

நெஞ்சிலிருந்து பெரிய கல் ஒன்று இறங்கியது. அந்த டின்னில் ஒரு கரண்டி நெய்யை எடுத்து என் சோற்றில் விட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் கோயிலுக்கு அனுப்பினார்.

சாப்பிடும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் இரண்டாவது விளக்கின் மாவை அம்மா முதலில் என் கையில்தான் பிட்டு வைப்பார். எதற்கென்று கேட்காமல், இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கை நீட்டுவேன்.