பை நிறையாத மத்தியானம்

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னபோது, உடன் வந்தவர்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் மட்டும் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே கூப்பிட்டால் ஓடிவர நர்ஸ்மார் இருந்தார்கள். எங்கள் பரளச்சியில் யார் இருக்கிறார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம் அது. என் பெயர் கிரேஸ். என் கணவர் தங்கராஜ் அருப்புக்கோட்டையில் பருத்தி மூட்டை தூக்கியவர். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவர் இல்லை. அறுபது வயதில் மூத்திரம் அடைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கதறிய அன்றுதான் அவர் அழுது முதன்முதலாகப் பார்த்தேன். புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று அறுத்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூத்திரம் போற டியூபும் பையும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்மா. நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. முக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. லேசா சிவப்பா வந்தா பயப்படாதீங்க. ஆனா ரத்தம் கட்டி கட்டியா வந்தாலோ, பை நிறையாம அடிவயிறு வீங்கினாலோ வீட்ல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க."

மற்றதெல்லாம் மறந்துபோனது. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அவரோடு என் தம்பியை விட்டுவிட்டு, வீட்டைத் தயார் செய்ய நான் முன்னால் ஊருக்கு வந்தேன். காற்று வரும் இடமாகப் பார்த்துக் கட்டிலை வாசலறைக்கு இழுத்துப் போட்டேன். குத்தவைக்க முடியாதே என்று ஆசாரியிடம் கொடுத்து ஒரு மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வாங்கினேன். வேட்டிகளைக் கொதிக்க வைத்துக் காயப்போட்டேன். மலம் இறுகிவிடாமல் இருக்கக் கீரையும் பழமும் வாங்கி வைத்தேன். தண்ணீர்தான் இல்லை. அந்த வாரம் தெருக்குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே பம்புசெட்டுக்கு நடக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு முத்தம்மா அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க பெரியப்பாவுக்கும் இதே ஆபரேசன்தான் மதினி. வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தாக. பெறகு ரத்தமாப் போயி, பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கையிலயே…"

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

அவர் வந்து சேர்ந்தார். தம்பியும் ஊருக்குப் போனான். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பைக்குள் நிறம் தெளிந்துகொண்டே வந்தது. பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் சிவந்தது. கட்டிலருகே நான் வைக்கிற தண்ணீர்ச் செம்பு என்னவோ காலியாகத்தான் இருந்தது. "நல்லாக் குடிக்கிறீகளா?" என்று கேட்டால், "குடிக்கிறேன்ல" என்று எரிந்து விழுவார்.

ஒரு மத்தியானம் குடத்தோடு உள்ளே வந்தபோது பார்த்துவிட்டேன். கட்டிலில் இருந்தபடியே செம்புத் தண்ணீரைப் பானையில் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பெறகென்ன புள்ள? நீ இந்த வெயில்ல தலையில சொமந்துக்கிட்டு வார. நான் அதைக் குடிச்சுக் குடிச்சு பையில விட்டுக்கிட்டுக் கெடக்கவா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. குனிந்து பையைப் பார்த்தேன். கறுஞ்சிவப்பு. காலையில் இருந்த அளவுக்கு மேல் ஒரு சொட்டு ஏறவில்லை. அடிவயிற்றில் கை வைத்தேன். கல்லாக இருந்தது. அவர் உதடு வெளுத்திருந்தது.

மத்தியான பஸ் போய்விட்டது. அடுத்தது பொழுது சாயும்போதுதான். தெருவில் ஆள் இல்லை. சூடான காற்று புழுதியைச் சுருட்டிக்கொண்டு போனது. முத்தம்மா பாதியில் நிறுத்திய பேச்சு என் காதுக்குள் முடிந்தது.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். "ஆண்டவரே, பஸ்ஸுக்குக் காத்திருந்து இவரைச் சாகவிட மாட்டேன். நீர் ஒரு வழி காட்டும்." எழுந்து ஓடினேன்.

மளிகைக்கடை அண்ணாச்சி சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசுகிற மனிதர். கடை வாசலில் அவருடைய வேன், அருப்புக்கோட்டைக்குப் போகிற லோடோடு நின்றது. நான் சொல்லி முடிக்கவில்லை.

"சோறு கெடக்கட்டும்க்கா. லோடை எறக்கிப் போடுறேன், நீங்க போயி ஆளைக் கெளப்புங்க."

வெறும் சாக்குகளை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். முத்தம்மா கூப்பிடாமலே ஏறி அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் பையைப் பிடித்திருந்தேன். அது அசையவில்லை. அவர் முனகுவதை நிறுத்தினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டும்போது வேன் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது. அவர் அலறினார். "இயேசப்பா!" என்று நானும் அலறினேன். பிறகு அவரிடம் சத்தமே இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது என் கையில் பை சூடானது. டியூபுக்குள் அட்டைப்பூச்சி போல ஒரு ரத்தக்கட்டி நழுவி வந்தது. அதன் பின்னால் சிவப்பாக மூத்திரம் பாய்ந்தது.

"மதினி, பை நெறையுது! பை நெறையுது!" என்று முத்தம்மா கத்தினாள். அவர் கண்ணைத் திறந்து, "அப்பாடா" என்றார்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டியூபைக் கழுவிவிட்டு, உள்ளே மிஞ்சிய கட்டிகளையும் எடுத்தார்கள். "அந்தக் கட்டி வழியில நகர்ந்தது உங்க நல்ல நேரம். சாயங்காலம் வரைக்கும் வீட்ல வச்சிருந்தா தையல் பிச்சுக்கிட்டிருக்கும்" என்று டாக்டர் கண்டித்தார். அவர் நல்ல நேரம் என்றார். நான் யாரைக் கூப்பிட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

பயம் உடனே போகவில்லை. டியூபை எடுக்கும்வரை பையில் கொஞ்சம் நிறம் மாறினாலும் அவர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஆனால் நான் தனியாக இல்லை. முத்தம்மாவும் தெருப் பெண்களும் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவள் முன்னாலேயே அவர் ஒரு செம்பு குடித்தாக வேண்டும். "போதும் தாயி" என்று கெஞ்சுவார். விடமாட்டார்கள்.

கிறிஸ்மசுக்கு மட்டும் கோயிலுக்கு வந்த மனிதர் அவர். குணமான பிறகு, சுற்றுவட்டாரத்தில் யார் இந்த ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, ஜெபம் பண்ணிவிட்டு வருகிறார். "கூச்சப்பட்டு எதையும் மறைக்காதீக" என்று அவர்களிடம் சொல்லுகிறார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கட்டிலில் கிடக்கலாம். ஜெபிக்க வார்த்தை வராமல் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். எனக்கும் வரவில்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லுங்கள், அது போதும். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காமல் எழுந்து ஓடுங்கள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நம் ஆண்டவர் அந்தக் கதவைத் திறந்துகொண்டும் வருவார்.