திருப்பிக் கொண்டுவந்த முகம்

லுமோவின் வீட்டுக்காரருக்குப் பெயர் உண்டு. ஆனால் போனவரின் பெயரை எங்கள் மேய்ச்சல் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், நானும் சொல்லப்போவதில்லை. செத்த பிறகு நாற்பத்தொன்பது நாளும் அவர் அடுத்த பிறவிக்கு நடந்துகொண்டிருப்பார்; கூப்பிட்டாலோ தன் முகத்தைப் பார்த்தாலோ நின்றுவிடுவார். அதனால்தான் வீட்டிலிருந்த அவர் படங்களையெல்லாம் லுமோ மூன்றாம் நாளே எரித்துவிட்டாள். அழவும் இல்லை. கண்ணீரும் போகிறவரின் காலைக் கட்டும் என்பார்கள்.

ஊருக்கு விருந்தாளிகளை வரவழைத்ததே அவர்தான். ஏழு வீடுகளில் முறை வைத்துத் தங்கவைப்பார். தெய்வமலையில் ஏறக் கூடாது, பிணத்தைக் கழுகுக்குக் கொடுக்கும் மேட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்வார். யாராவது படம் எடுத்தால் மட்டும் கேலி செய்வார்.

"எங்க மூஞ்சியத் தூக்கிட்டு ஓடிடறீங்களே, திருப்பிக் கொண்டாந்து குடுக்க வேணாமா?"

எடுத்த படத்தில் ஒரு பிரதி ஊருக்கு வந்தாக வேண்டும் என்பது அப்படித்தான் சட்டமானது.

முப்பத்தொன்றாம் நாள், போன கோடையில் லுமோ வீட்டில் தங்கிய வென்லி செங்டூ நகரத்திலிருந்து வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய பெரிய சட்டகம்.

"அக்கா, சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டேன்! எங்க அவரு? பாத்தா துள்ளிக் குதிப்பாரு."

"அவரு போயிட்டாரும்மா."

வென்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லுமோ சட்டகத்தை வாங்கினாள், துணியைப் பிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த முகம் இனி இந்த ஊரில் வேறெங்கும் இல்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"இத எரிச்சாகணும். கோவிச்சுக்காத. போன்ல இருக்கறதையும் அழிச்சுடு."

"நான் வச்சுக்கறேனேக்கா?"

"உன் வாசல்ல வந்து நிப்பாரு. உங்க ஊர்ல அவருக்கு யாரத் தெரியும்?"

வென்லி அழுதுகொண்டே அழித்தாள். லுமோ கொல்லையில் சாணி வறட்டியை அடுக்கித் தீ மூட்டினாள்.

"படத்துல சிரிக்கிறாரா?"

"சிரிக்கிறாரு. ஆனா கேமராவப் பாக்கலக்கா. நீங்க அந்தப் பக்கம் பால் கறந்துட்டிருந்தீங்க. உங்களத்தான் பாக்கறாரு."

லுமோ துணியோடு சட்டகத்தை நெருப்பில் வைத்தாள்.

"இங்க பாக்காதீங்க," என்றாள் நெருப்பிடம். "முன்னால பாத்து நடங்க."