வீராயி கேட்ட ஐந்து கேள்விகள்

என் தங்கை வீராயி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், நாற்பத்தொரு பேருடைய வழக்குகளை மனப்பாடமாகச் சொல்வாள். வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி கேலி செய்தும், ஐந்து லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்குச் சட்டம் கற்பித்தாள். மகனைச் சிறைக்குப் போகாமல் காத்தாள்.

அக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போக விரும்புபவர் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குற்றம். 1909இல் வீராயியின் கணவர் இராசையா இதற்காகவே இரண்டு மாதம் பதுளையில் சிறையிருந்தார். திரும்பி வந்தபின், "நான் சொல்லிட்டுத்தானே போனேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மறு வருடம் காய்ச்சலில் இறந்தார்.

அவர் சொன்னதை வீராயி விடவில்லை. ஞாயிறுதோறும் பதுளைச் சந்தைக்குப் போய், இதே குற்றத்துக்காகச் சிறையிருந்து வந்தவர்களை விசாரித்துத் தேடிப் பிடித்தாள். எந்தத் தோட்டம், எந்த மாதம், யாரிடம் சொன்னீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன பதில் வந்தது என்று ஐந்து கேள்விகள் கேட்பாள். நான் கொழுந்து நிறுப்பவன், மூன்றாம் வகுப்புப் படித்தவன். அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன்.

நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேர் கங்காணியிடம் மட்டுமே சொல்லியிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் நேரே பேசுவது மரியாதையில்லை என்பது எங்கள் வழக்கம். கங்காணிகளோ ஆள் குறையக்கூடாதென்று அதைத் துரையிடம் சொல்லவேயில்லை.

அதன்பின் மாலையில் பீலியில், மலை ஊற்று விழும் குழாயடியில், தண்ணீர் பிடிக்க வருபவர்களுக்கு நாளுக்கொரு வழக்காகச் சொல்லி, "எந்த எடத்துல தப்பு நடந்துச்சு?" என்று கேட்பாள்.

ஒருநாள் எங்கள் கங்காணி வந்து நின்றார். "என்ன வீராயி, கறுப்புக் கோட்டு தச்சாச்சா?"

"துணி எடுத்தாச்சுங்க. தையக்காரந்தான் கெடைக்கல."

1913 ஜூலை 14, திங்கட்கிழமை. வீராயியின் மகன் மாரிசாமிக்குப் பெரகலைக்குக் கீழே மனைவி வீட்டார் இருந்த தோட்டத்துக்குப் போக வேண்டும். வேலைக்கு முன் ஆளெண்ணும் காலைப் பெரட்டில் எல்லாரும் பார்க்க, துரை முன்னால் நின்று, ஒரு மாதத்தில் போவதாகச் சொன்னான். துரை தலையசைத்தார். மாதம் முடிந்தபின் போனவனைப் பிடியாணையோடு பிடித்து வந்தார்கள். கங்காணியின் பேச்சை நம்பித் துரை கையெழுத்திட்ட புகார் அது.

பதுளைக் கோர்ட்டில் கங்காணி, "அவன் சொல்லவேயில்லைங்க" என்றார். சாட்சியாக நின்ற வீராயி நீதவானைப் பார்த்து, "தொரையவே கேளுங்க" என்றாள்.

தனக்கு நினைவில்லை என்றார் துரை. அவர் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. பெரட்டில் நூற்றைம்பது பேர் நிற்பார்கள்.

"அன்னிக்கு ஒங்க நாய் பெரட்டுக்குள்ள வந்து கங்காணி தலப்பாவக் கவ்விக்கிட்டு ஓடிச்சுங்க. நீங்க சிரிச்சீங்க. அது ஓஞ்சதும் எம்மவன் சொன்னான். தலயாட்டுனீங்க."

மொழிபெயர்த்துச் சொன்னதும் துரை கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமாம், சொன்னான்" என்றார். மாரிசாமியை விடுவித்தார்கள்.

வீராயியின் வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க எழுத்தர் மையை நகர்த்தினார்.

"அது வேணாங்க. நாந்தான் சொன்னேன்னு பேரு இருக்கட்டும்."

என் நோட்டின் அட்டையில் நான் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து அடுப்புக்கரியால் எழுதிப் பழகியிருக்கிறாள். அண்ணனான எனக்கே அது தெரியாது. பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி, வீராயி என்று எழுதினாள். அன்று 1913 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை.