கிளுவை வேலிக்கு எழுதிய ஜாதகம்

"…ஆடு தின்னுட்டுப் போற வேலியெல்லாம் ஒரு வேலிங்களா மாப்ள? வேலின்னா கல்லுல இருக்கோணும். பக்கத்துக் காட்டுக்காரரு காம்பவுண்டப் பாருங்க, இரும்பு கேட்டப் பாருங்க. எங்குளுது ஆட்டுப்பட்டியாட்டம் நிக்குது" என்று மச்சான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தாள்.

"ஆடு திங்குதுன்னுதானுங்க அது வேணும்ங்கறேன்!"

மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். பல்லடம் பக்கம் அவர்களுக்கு ஒரு கொரங்காடு இருந்தது. உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைக்கும் நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கிளுவை முட்செடி வேலி. புல் தீர்ந்துபோனால் அக்காவின் ஆடுகளுக்கு அந்த வேலித் தழைதான் சோறு. வேலி போனால் ஆடுகளும் போகவேண்டியதுதான். மச்சானோ, பக்கத்துக் காட்டில் பனியன் கம்பெனி கட்டியவரின் சுவரைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்காமல் இருந்தார். வேலியைப் பிடுங்கிவிட்டு ஹாலோபிளாக் சுவர் வைக்க மேஸ்திரியிடம் பேசி, வளர்பிறையில் நல்ல நாளும் குறித்துவிட்டார்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நாஞ் சொன்னா கேக்கமாட்டாரு கண்ணு. உன்ற மெசினு சொன்னாக் கேப்பாரு. கிளுவை இருக்கட்டும்னு அத ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

அவள் சொன்னது நிஜம். தொண்ணூறுகளில் நான் திருப்பூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: ஒரு கம்ப்யூட்டர், ஊரைக் கூட்டும் சத்தத்தில் ஒரு பிரிண்டர், செருப்பை வெளியே விடச் சொல்லும் ஒரு அட்டை. பகலில் எக்ஸ்போர்ட்காரர்களுக்குப் பேக்கிங் லிஸ்ட், சாயங்காலம் கம்ப்யூட்டர் ஜாதகம். மச்சானுக்கு என் மேல் பெரிய மரியாதை கிடையாது. என் பிரிண்டர் மேல் ரொம்ப உண்டு. "மாப்ள வாய்ல நாலு வந்து போகும். அந்த மெசினு வாய்ல பொய் வராது" என்று ஊரெல்லாம் சொல்லுவார்.

அந்தச் சமயம் தாவரவியல் வாத்தியார் ஒருவர் சென்டருக்கு வந்துகொண்டிருந்தார். நம் பக்கத்துச் செடிகொடி, பிராணிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அடையாளம் சொன்னால் அது பெயர் சொல்ல வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று படமும் போட வேண்டும். இது அவருடைய ஆசை. அவர் கேள்விகளைச் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். முள் உண்டா? ஒடித்தால் பால் வருமா? பூ என்ன நிறம்? செடிகளுக்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் வந்தது. ஒருநாள் ஓணானைக் கொடுத்துப் பார்த்தோம். முள் இல்லை, பால் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற பூவும் இல்லை என்றதும், கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் "புல்" என்றது. வாத்தியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மொத கேள்வியா 'தொட்டா ஓடுமா?'ன்னு போட்டுருங்க" என்றார்.

படம் போடுவதில் இன்னொரு சங்கடம். என்னிடம் தமிழ் எழுத்து இருந்தது ஜாதகப் புரோகிராமில் மட்டும்தான். எதைத் தமிழில் அச்சடித்தாலும் மேலே பிள்ளையார் சுழி விழும், நடுவில் "ராசி" விழும், சுற்றிலும் பன்னிரண்டு கட்டம் விழும். வாத்தியார் அதற்கும் அசரவில்லை. "சதுரமான காடு ஒண்ணு கெடச்சாப் போதுமுங்க. வேலி கட்டத்துல வந்து உக்காந்துக்கும்" என்றார்.

அக்காவின் கொரங்காடு சதுரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மொபெட்டில் போனோம். வேலியை ஒட்டி நடந்து, கண்ணில் பட்ட செடி, பறவை, பிராணி எல்லாவற்றையும் குறித்து வந்து அந்தந்தக் கட்டத்தில் ஏற்றினோம். லக்னம் போடாமல் நகரமாட்டேன் என்று புரோகிராம் அடம்பிடித்தது. காட்டுக்குள் நுழைகிற கடவு இருந்த கட்டத்தில் ஒரு "ல" போட்டு அதன் வாயை அடைத்தேன்.

சுவருக்குக் கடைக்கால் தோண்ட மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்ற காலையில், நான் தாளை நீட்டினேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"காட்டுக்கு ஜாதகமே எழுதிப்போட்டீங்களா மாப்ள!"

"ஜாதகமில்லீங்க மச்சா. எது எங்க இருக்குதுங்கற படம்."

"புள்ளையார் சுழி இருக்குது, ராசி இருக்குது, லக்னம் இருக்குது. படம்ங்கறீங்க!" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கடவிலிருந்து விரலால் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணுல கிளுவை. ரெண்டுல கிளுவை, கூடப் பெரண்டை. நாலுல கிளுவையும் செம்போத்தும். ஏழுல…" குரல் இறங்கியது. "ஏழு பொஞ்சாதி வூடு. அங்கயும் கிளுவைதான் நிக்குது."

அக்கா ஒன்றும் அறியாதவள்போல ஆட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தாள்.

"எட்டு ஆயுசுங்க" என்றாள், கயிற்றைப் பார்த்தபடியே.

"எட்டுல கிளுவையும் கீரியும்." மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "பன்னெண்டு வூட்லயும் ஒரே கெரகம் நிக்கற ஜாதகத்த எங்காச்சும் பாத்திருக்கீங்களா மாப்ள?"

"வேலின்னா சுத்தித்தானுங்க நிக்கும்" என்றேன்.

"உங்களுக்கு அச்சடிக்கத்தான் தெரியும். பலன் தெரியாது" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் திரும்பினார். "கல்லு வேண்டாமுங்க. கெரகம் எடங் குடுக்கல."

மேஸ்திரிக்கு முகம் வெளுத்தது. "எனக்குங்களா?"

"செவுத்துக்குங்க!"

ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா மூச்சு விடுவதற்குள் மச்சானுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. வேலியோரம் ஒரு வெள்ளாடு பின்னங்காலில் நின்று தழையை இழுத்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க மாப்ள, லக்னத்துல நிக்கற கெரகத்தப் போயி ஆடு திங்கலாமா? இனி ஆட்ட உள்ள உடறதா வேண்டாமா?"

சுவரிடமிருந்து தப்பிய ஆட்டுத் தீனி, என் தாளிடம் மாட்டிக்கொண்டது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள்.

"கெரகத்துக்குக் கட்டுப்பட்டது நாமதானுங்க. ஆட்டுக்கு ஆரு ஜாதகம் எழுதுனாங்க?"

மச்சான் ஆட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வேலியருகே போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிளுவையில் ஒரு கொத்து ஒடித்து ஆட்டின் வாய்க்கு நேராக நீட்டினார்.