படத்தின் மேல் பேசுகிறவர்

"பஸ் நிக்கும்னு நினைக்காதீங்க. நின்னாலும் நமக்காக நிக்காது," என்கிறார் ஹாரிகா. கார் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. "அந்த ஆட்டோ இப்ப ரைட்ல திரும்பப் போகுது. ஓட்டறவருக்கே அது இன்னும் தெரியாது. கிளட்ச்சை மிதியுங்க. பாத்தீங்களா, திரும்பிட்டாரு."

பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதைவிட அவர் நம்புவது தன் வாயைத்தான். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சுடிதாருக்கு மேல், வெயிலுக்காகக் கணவரின் முழுக்கைச் சட்டை. ஐம்பதுக்கு மேல் கற்க வந்த என்னிடம் பொறுமையாக இருப்பார். கல்லூரிப் பெண்களிடம் அது கிடையாது.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். "நீங்க ஹோல்கம் அம்மா டைப்புங்க. ஹார்ன் அடிக்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்கறீங்க."

யார் அந்த அம்மா என்று கேட்டேன். அன்று கியர் மாற்றுவதைக் கற்றுக்கொள்ளவில்லை.

ஹோல்கம் அம்மா ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் தபால்காரி. பனி கொட்டும் ஏதோ ஓர் அமெரிக்க ஊர். அங்கே கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் சண்டையும் சிரிப்பும்தான் கதை. தபால் கொடுக்க வரும் ஹோல்கம் அம்மா ஏதோ சொல்லத் தொடங்குவாள். முடிப்பதற்குள் யாராவது கதவைச் சாத்திவிடுவார்கள். ஹாரிகாவுக்கு அவளைப் பிடிக்கும். அவளைவிடப் பிடித்தவன் கடைக்காரன் ரஸ்ஸல். "அவனுக்கு ஸாரி சொல்ல வராதுங்க. யார்கிட்டச் சண்டை போட்டாலும், விடியறதுக்குள்ள போய் அவங்க காரைக் கழுவி வெச்சுட்டு வந்துருவான்."

அமெரிக்காவில் வேலை பார்த்த அவருடைய தம்பி சைதன்யா, வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பியபோது அந்தத் தொடரின் டிவிடிகளை அக்காவிடம் தள்ளிவிட்டுப் போனான். ஒருநாள் ரிமோட்டில் ஆடியோ பொத்தானைத் தவறுதலாக அழுத்தியிருக்கிறார் ஹாரிகா. பாத்திரங்களின் குரல் தணிந்து, வேறு யாரோ நான்கைந்து பேர் பேசிச் சிரிப்பது கேட்டது. தொடரை எழுதியவர்களும் வரைந்தவர்களும் குரல் கொடுத்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, தாங்கள் எடுத்த படத்தைத் தாங்களே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் கதைக்காக அந்தப் படத்தைப் போடுவதில்லை.

"படம் எழுதி வெச்சதுங்க. இவங்க பேசறது எழுதாதது," என்றார் ஒரு சிக்னலில். "நடுவுல ஒருத்தர் சேரை நகத்துவாரு. இன்னொருத்தர் சாண்ட்விச் நல்லால்லைன்னு சண்டை போடுவாரு. அப்புறம் எல்லாரும் திடீர்னு சத்தமில்லாம படத்தையே பாப்பாங்க. அந்த எடம் வந்தா எனக்குப் பக்கத்துல ஆள் உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும்."

பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். "பச்சை விழுந்துருச்சுங்க. எடுங்க, எடுங்க."

வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. கணவர் மனோஜ்குமார் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வீடு வந்து சேரும்போது பேசத் தெம்பிருக்காது. இரண்டு ஆண்டுகளாக மாமனார் சுப்பண்ணனும் அவர்களோடுதான் இருக்கிறார். மதுக்கரைக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். மகன் தெலுங்கு பேசும் வீட்டில் பெண் எடுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை, பிறகும் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி இறந்து, சர்க்கரை நோயில் இரண்டு கண்களும் போன பிறகு, மகன்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

வந்தவர் மருமகளிடம் பேசவில்லை. "அந்தப் புள்ளகிட்டச் சொல்லு, காப்பித்தண்ணி சூடே இல்ல" என்பார் மகனிடம். ‘அந்தப் புள்ள’ டம்ளரை நீட்டியபடி அவர் எதிரிலேயே நிற்பார். மகன் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"கோபம் வராதா?" என்று கேட்டேன்.

"வரும். ஆனா கண்ணு தெரியாதவருகிட்ட மொறைச்சு என்னங்க பிரயோசனம்?" என்றவர், "டிவியை மட்டும் நான் அணைக்கலீங்க. அதையும் அணைச்சுட்டா அந்த ஊட்டுல யாரு பேசறது?" என்றார்.

ஒரு மாலை, வழக்கம்போல அந்த வெள்ளைக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியிலிருந்து குரல் வந்ததாம்.

"ஏனம்மணி, அவிய என்னத்துக்கு இப்படிச் சிரிக்கறாங்க?"

மகன் வீட்டில் இல்லை. சுவரைப் பார்த்தும் கேட்கவில்லை. ஹாரிகா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துண்டை மடித்து முடித்து, அதை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"படம் எடுத்தவங்களே படத்தைப் பாத்துப் பேசிக்கறாங்க மாமா. ரஸ்ஸல்னு ஒருத்தன், பக்கத்து ஊட்டுக்காரன்கிட்டச் சண்டை போட்டுட்டு, இப்ப அவன் காரைக் கழுவறான். பனி கொட்டுது. ஊத்தற தண்ணியெல்லாம் கார்மேலயே கட்டியாயிருச்சு. கதவு தொறக்க வரல."

சுப்பண்ணனின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. பிறகு கேட்டார்: "கழுவினது செரி. உள்ள போயி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமல்ல?"

"பேசினா கதை முடிஞ்சுருமுங்க மாமா."

மறுநாள் மாலை சுப்பண்ணன் தானே கேட்டார்: "அந்தக் காரு கழுவறவனைப் போடலியா?"

அன்று தொடங்கிய பழக்கம் நிற்கவில்லை. வெள்ளைக்காரர்கள் பேச, அவர்கள் மேல் ஹாரிகா பேச, அவர் மேல் சுப்பண்ணன் பேசுவார். ஹோல்கம் அம்மாவை யாரும் பேசவிடுவதில்லை என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். "பாவம், அந்தம்மா என்னதான் சொல்ல வருதுன்னு ஒருக்கா கேட்டுப்போட்டாத்தான் என்னவாமா?"

லைசென்ஸ் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நானே காரை ஓட்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். மனோஜ்குமாரும் இருந்தார். சுப்பண்ணனின் மடியில் பொரித் தட்டு. மைசூர்பாகைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஹாரிகா டிஸ்க்கைப் போடப் போனபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அம்மணி, இந்தப் பொட்டியில உங்க கல்யாணப் படம் ஓடுமா?"

மனோஜ்குமார் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஹாரிகா ஒன்றும் கேட்காமல் பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்து வந்து போட்டார். நாதஸ்வரம் முழங்கியது. மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, சாலையில் எனக்குச் சொல்வது போலவே சொல்லத் தொடங்கினார்.

"இது எங்கப்பா. வேட்டி எப்ப அவுருமோன்னு ஒரு கையில புடிச்சுட்டே நடக்கறாரு. அது சைதன்யா. வீடியோக்காரருக்கு முன்னாடி முன்னாடி வந்து நிக்கறான். இப்ப நான் வாரேன். பூ பாரத்துல தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குது."

"என்ற பையன் எப்படி இருக்கறான்?"

"வேர்த்துக் கொட்டுதுங்க மாமா. ஐயரு சொல்றதைக் கவனிக்கவே இல்ல. வாசலையே பாத்துட்டு இருக்காரு."

"எதுக்கு?"

எந்தச் சாலைச் சந்திப்பிலும் பேச்சு நிற்காத ஹாரிகா, அங்கே நிறுத்தினார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க வருவீங்கன்னு."

மனோஜ்குமார் எழுந்து போய், ஏற்கெனவே வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் குமிழைத் திருகினார். சுப்பண்ணன் முகத்தைத் திரைப் பக்கமே வைத்திருந்தார். கெட்டிமேளம் கொட்டியது.

"இப்ப என்ன நடக்குது, அம்மணி?"

"தாலி கட்டறாருங்க மாமா. எல்லாரும் எந்திரிச்சு அட்சதை போடறாங்க."

சுப்பண்ணன் மடியிலிருந்த தட்டைத் தடவினார். ஒரு பிடி பொரியை அள்ளி, குரல் வந்த திசையைக் கணக்குப் பண்ணி, மெதுவாக வீசினார். பாதி ஹாரிகாவின் தலையிலும் மீதி தரையிலுமாக விழுந்தது.

"பட்டுதா?" என்றார்.

"பட்டுதுங்க மாமா."

"என்ற பையன் எந்தப் பக்கம் நிக்கறான்?" என்று கேட்டுக்கொண்டே, அடுத்த பிடியை அள்ளினார்.