டாரிங்காவின் முழங்கால்

டாரிங்கா குன்றிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் தோன்றும். லூப்லியானா நகரை ஒட்டிய எங்கள் குன்றின் உச்சியில் நான் தேநீர்க் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக அவளைப் பார்க்கிறேன். தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் வேலை. வேலைக்குப் போகுமுன் தினமும் குன்று ஏறிவிடுவாள். கணவன் இறந்தபின் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இந்த ஏத்தம் இல்லன்னா நான் படுக்கைய விட்டே எழுந்திருக்க மாட்டேன்."

இறங்க இரண்டு வழி. பாறை வழி செங்குத்து; டாரிங்கா எப்போதும் அதில்தான். மற்றது வண்டிப்பாதை, சுற்றிச் சுற்றிப் போகும். அதில் இறங்குகிறவர்களை இங்கே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வீம்பு பிடித்த ஜனம் நாங்கள், நானும் அப்படித்தான்.

ஐம்பத்தாறு வயதில், இறங்கி முடித்ததும் அவளுக்கு முழங்கால் குடைய ஆரம்பித்தது. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூட்டில் ஒரு கோளாறும் இல்லை, கொஞ்ச நாள் ஏறாமல் இருங்கள் என்றார். அவளால் ஆகிற காரியமா அது?

அந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் தேடி வந்தார்கள். நோய் இல்லாமல், உடற்பயிற்சிக்குப் பின் மட்டும் முழங்கால் வலிக்கிறவர்கள் வேண்டுமாம். மூன்று மாதம் மாத்திரை: பாதிப் பேருக்கு மஞ்சளும் மரப்பிசினும் சேர்ந்த மூலிகை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வார்கள். டாரிங்காவோடு லுட்விக்கும் சேர்ந்தார். பியானோ பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கியவர். இருவரும் என் கடையில்தான் தேநீரோடு மாத்திரை போடுவார்கள். அவருக்குப் பாறை வழி ஆகாது. அவரைத் தனியே விட மனமில்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளும் வண்டிப்பாதையில் இறங்கினாள்.

ஒரு மாதத்தில் வலி குறைந்தது. மூன்றாம் மாதம் இருந்த இடம் தெரியவில்லை. கிடைத்த ஆளிடமெல்லாம் மூலிகையின் புகழ் பாடினாள். லுட்விக்கைக் கேட்டால், "எனக்கும் தேவலை" என்பார்.

செப்டம்பரில் இருவருக்கும் கடிதம் வந்தது. என் கடையில் வைத்துப் பிரித்தார்கள். டாரிங்கா தின்றது வெறும் மாவு.

அவள் முகம் சிவந்துவிட்டது. "மாவத் தின்னுட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன்."

"முட்டியப் போட்டு உடைக்காம வண்டிப்பாதையில எறங்கின, வலி போச்சு. அவ்வளவுதான்டி" என்றேன்.

லுட்விக் தன் கடிதத்தை நகர்த்தினார். அவருக்கு அசல் மூலிகை.

"இவருக்காவது மருந்து கேட்டிருக்கே" என்றாள்.

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு வலி அப்படியேதாம்மா இருக்கு. ஆய்வுக்காரங்க குடுத்த தாள்ல உண்மையத்தான் எழுதினேன். உங்கிட்டதான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"வலிக்குதுன்னா ஏறாதீங்கன்னுவ. உங்கூட நடக்க முடியாமப் போயிடுமேன்னு பயம்."

டாரிங்கா தன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அதட்டலாகச் சொன்னாள்: "நாளைக்குப் பாதி வழி போதும். பெஞ்சுல உக்காரலாம். பிளாஸ்க்ல டீ நான் கொண்டு வரேன்."

மறுநாள் உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பாதி வழிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இரண்டு தேநீர் நஷ்டம். நாளையும் நஷ்டமாகவே இருக்கட்டும் என்று மனதாரச் சொல்லிக்கொண்டேன்.